மைனஸ் இருபத்திரண்டு மீட்டர்

அவள் என் அறைக்கு வந்து கேட்ட முதல் கேள்விக்கு நான் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“சார், ஒரு எடத்துக்குப் போற தூரமும் அங்கேருந்து திரும்பி வர்ற தூரமும் ஒண்ணுதானே?”

“இதைக் கேக்கவாம்மா மூணு மாடி ஏறி வந்தே?”

“ஒண்ணுதான்னு நெனச்சுதான் எழுதினேன் சார். பூஜ்யம் போட்டிருக்காங்க.”

பகலெல்லாம் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவள் அவள். விரல் நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு. நான் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாள். நகரக் குடிநீர் வாரியத்தின் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி தேர்ச்சிச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்கு இருபத்தாறு நாள் இருந்தது. தேர்ச்சிக்கு நாற்பது மதிப்பெண் வேண்டும், வந்திருந்தது முப்பத்தாறு. பூஜ்யம் வாங்கிய அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இருபது மதிப்பெண்.

கேள்வியைத் தயாரித்தவன் நான்தான். ஒரு நேரான சாலையில் இரண்டு இடங்கள் எந்தெந்தக் கிலோமீட்டர் கல்லில் இருக்கின்றன என்று சொன்னால், இடையே உள்ள தூரத்தைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுத வேண்டும். வீடு மூன்றாவது கல்லில், கடை எட்டாவது கல்லில். எட்டிலிருந்து மூன்றைக் கழித்தால் ஐந்து. அவசரப்பட்டு மூன்றிலிருந்து எட்டைக் கழித்தால் மைனஸ் ஐந்து வரும். தூரத்துக்கு ஏது மைனஸ்? அதனால் பெரியது எது என்று பார்த்து, அதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

“எந்த மடையன் திருத்தினது?” என்று கேட்கப் போனவன் வாயை மூடிக்கொண்டேன். திருத்தியது சுருக்கி.

சுருக்கி என்பது நான் எழுதிய மென்பொருள். முழ நீளத்துக்கு ஓர் இயற்கணிதக் கோவையைக் கொடுத்தால் அதை ஒரு வரியாகச் சுருக்கித் தரும். இரண்டு கோவைகள் பார்வைக்கு வேறு வேறாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒன்றா இல்லையா என்று சொல்லிவிடும். பதினோரு வருட உழைப்பு, அறுபதாயிரம் வரி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தேன், தேசம் தேசமாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கைப் படிவத்தில் மட்டும் அதற்கு இடம் இல்லை. கட்டுரை எழுதினால் எட்டுப் புள்ளி. கட்டுரையைப் பற்றிய கூட்டத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் இரண்டு புள்ளி. மென்பொருள் எழுதினால் என்ன என்று எழுத்தரைக் கேட்டேன். அவர் நிறைய யோசித்துவிட்டு, ‘இதர பொழுதுபோக்குகள்’ என்ற கட்டத்தில் எழுதச் சொன்னார். அதே கட்டத்தில் இன்னொரு பேராசிரியர் தபால்தலை சேகரிப்பு என்று எழுதியிருந்தார். அவருக்கு அரைப் புள்ளி கிடைத்தது, எனக்கு அதுவும் இல்லை.

போன வருடம் மூன்று ஆசிரியர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை என்று முடிவானதும் சுருக்கியின் அருமை எல்லாருக்கும் ஒரே நாளில் விளங்கிவிட்டது. ‘சுருக்கி, தேர்வாளர், இரண்டாம் நிலை’ என்று முறைப்படி நியமன உத்தரவு வந்தது. துணைவேந்தரே வந்து தொடங்கி வைத்தார். போட்டோக்காரர் தயாராகும் வரை என்டர் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றதில் திரையில் நானூறு வெற்று வரிகள் ஓடின. எல்லாரும் கைதட்டினோம். தேர்வாளரை யாரும் விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்று அந்தக் கம்ப்யூட்டரைத் துணிப்பைக்குள் வைத்துத் தைத்து, ஐந்து இடத்தில் அரக்கு முத்திரை குத்தினார்கள். அது மூச்சு விடுவதற்காகக் காற்றாடி இருந்த இடத்தில் ஓர் ஓட்டை விட்டார்கள்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு என் மேசைக் கணினியில் இருந்த சுருக்கியைத் திறந்து தேடினேன். கால் மணி நேரத்தில் அகப்பட்டுவிட்டது. ஒரே ஒரு வரி. எந்த எண்ணையும் வர்க்கப்படுத்தி, பிறகு வர்க்கமூலம் எடுத்தால், பழைய எண்ணே திரும்ப வரும் என்று எழுதியிருந்தேன். மூன்றுக்கு வரும். மைனஸ் மூன்றுக்கு வராது. அதன் வர்க்கம் ஒன்பது, ஒன்பதுக்கு மூலம் மூன்று, மைனஸ் போய்விட வேண்டும். என் நிரல் அதைப் போக விடவில்லை. நான் கொடுத்த மாதிரி விடையிலும் அப்படி ஒரு வர்க்கமூலம் இருந்தது. சுருக்கி அதை வெறும் கழித்தலாகச் சுருக்கி வைத்துக்கொண்டு எல்லா விடைகளையும் அதோடு ஒப்பிட்டிருக்கிறது. யோசிக்காமல் கழித்து மைனஸ் தூரம் காட்டிய ஐம்பத்து நான்கு பேருக்கு முழு மதிப்பெண். சரியாக எழுதிய முப்பத்தெட்டுப் பேருக்குப் பூஜ்யம்.

அந்த வரிக்குப் பக்கத்தில் நானே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். ‘இப்போதைக்கு இது போதும். பிறகு பார்க்கலாம்.’ எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாரும் எழுதுகிற குறிப்புதான். தேதி பதினோரு வருடத்துக்கு முந்தையது.

“தப்பு உன் மேல இல்லம்மா. என் மேல” என்றேன்.

“அப்போ மாத்திடுவீங்களா சார்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடலாம்.”

அன்று திங்கட்கிழமை. வரியைத் திருத்த ஐந்து நிமிடம் ஆயிற்று. ‘என் கணக்கில் பிழை இருந்தது, மன்னியுங்கள்’ என்று எழுதிப் புதிய சுருக்கியை இணையத்தில் ஏற்றினேன். பத்தே நிமிடத்தில், முகம் தெரியாத யாரோ ஒரு பாலம் கட்டும் இன்ஜினியர் நன்றி சொல்லி, தன் கணக்கையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்ப்பதாக எழுதினார். அவர் ஊரில் அப்போது விடிந்துகூட இருக்காது. கடல் தாண்டி இருந்தவர்கள் எல்லாரும் திருத்திக்கொண்டார்கள். பாக்கி இருந்தது இரண்டு கட்டிடம் தள்ளி இருந்த எங்கள் தேர்வு அலுவலகம்.

தேர்வு அதிகாரி மரியாதைக்காரர். நான் சொன்னதையெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“முடிவு வெளியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு சார்.”

“அப்போ அதுல தப்பு இருக்க வாய்ப்பில்ல. தப்பு இருந்தா நாங்க வெளியிட்டிருக்க மாட்டோமே.”

“நானே சொல்றேனே சார், நான் எழுதினதுல தப்பு இருக்கு.”

“நீங்க எழுதினதுல இருக்கலாம். நாங்க வெளியிட்டதுல இல்ல.”

மறுதிருத்தத்துக்கு ஒரு படிவம் இருந்தது. முதலில் திருத்திய தேர்வாளர் தன் கைப்பட எழுதிச் சம்மதம் தர வேண்டும் என்றது அதன் மூன்றாம் பத்தி.

“தேர்வாளர் அந்தத் துணிப்பைக்குள்ள இருக்கு சார். அதுக்குக் கை கிடையாது.”

“விதியில கைப்படன்னு இருக்கே.”

“அதுக்குப் பதிலா நான் போடறேன்.”

“நீங்க அதுக்கு என்ன உறவு?”

“எழுதினவன்.”

“பாதுகாவலர்னு போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு பாருங்க. பாதுகாவலர் கையெழுத்துப் போட்டா தேர்வாளர் மைனர்னு ஆயிடும். மைனர் பேப்பர் திருத்தக் கூடாது. அப்புறம் தொண்ணூத்திரண்டு பேர் தேர்வும் செல்லாமப் போயிடும். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு?”

“சரி சார், பையைப் பிரிச்சு ஒரே ஒரு வரிய மாத்திக் குடுத்துடறேன். அஞ்சு நிமிஷம்.”

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “பணியில இருக்கற தேர்வாளரோட மூளைல கை வைக்கப் போறேன்னு என்கிட்டயே வந்து சொல்றீங்களா? வேற யாராவது இருந்தா இந்நேரம் மேல எழுதியிருப்பாங்க.”

அவரும் எழுதத்தான் செய்தார். அந்த வெள்ளிக்கிழமை போய், அடுத்த வெள்ளிக்கிழமையும் போயிற்று. அவள் தினமும் கடையிலிருந்து நேராக வந்து என் அறை வாசலில் எட்டிப் பார்ப்பாள். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன், வகுப்புக்குப் போய்விடுவாள். பதினான்காம் நாள் ஒரு குழு கூடியது.

குழுவில் ஏழு பேர். நடுநிலை கெட்டுவிடக் கூடாது என்று கணக்குத் தெரிந்தவர் யாரையும் சேர்க்கவில்லை. குழுவுக்குத் தலைவர் எங்கள் புலத்தின் டீன். காலை வணக்கம் சொன்னால்கூட ‘நெறிமுறைப்படி’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்வார் என்பதால் மாணவர்கள் அவருக்கு நெறிமுறை என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

“நண்பர்களே, உண்மை எதுன்னு கண்டுபிடிக்கறது நம்ம வேலை இல்ல. அதை யார் வேணும்னாலும் கண்டுபிடிப்பாங்க. கண்டுபிடிச்சதை எந்தத் தேதிலேருந்து அமல்படுத்தறதுங்கறதுதான் ஒரு பல்கலைக்கழகத்தோட வேலை. முப்பது வருஷமா இங்க இருக்கேன். நான் கையெழுத்துப் போட்டது ஒண்ணுகூடத் தப்புன்னு ஆனதில்ல. ஏன்னா, தப்புன்னு ஆகணும்னா அதுக்கு ஒரு கமிட்டி வேணும். எல்லாக் கமிட்டிக்கும் நான்தான் தலைவர்.”

ஆறு பேரும் மேசையைத் தட்டினார்கள். நான் கரும்பலகைக்குப் போய் வீடு, கடை, மூன்று, எட்டு என்று படம் போட்டேன். ஓர் உறுப்பினர் கையைத் தூக்கி, படம் போட்டால் யாரும் எதையும் நிரூபித்துவிடலாம், நேரடியாக அளந்து பார்த்துவிடுவோமே என்றார். தேநீர் நேரம் நெருங்கிவிட்டதால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கட்டிடப் பிரிவிலிருந்து ஓவர்சியர் வந்தார். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே போய்விடுகிற நீளமான டேப் கொண்டுவந்திருந்தார். நுனியைக் கூட்ட அறையின் வாசல் நிலையில் மாட்டிவிட்டு, இழுத்துக்கொண்டே கழிப்பறை வாசல் வரை நடந்தார். ஏழு உறுப்பினர்களும் பின்னாலேயே போனார்கள்.

“இருபத்திரண்டு மீட்டர்” என்றார் ஓவர்சியர். கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

“இப்போ திரும்பி வாங்க” என்றார் நெறிமுறை.

ஓவர்சியர் கைப்பிடியைச் சுற்றி டேப்பை உள்ளே வாங்கிக்கொண்டே வந்தார். உறுப்பினர்கள் டேப்பைக் குனிந்து பார்த்துச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார்கள். இருபது, பதினைந்து, எட்டு, மூன்று. அறை வாசலுக்கு வந்தபோது டேப்பில் எதுவும் மிச்சம் இல்லை.

“போகும்போது ஏறிச்சு. வரும்போது இறங்கிச்சு. எவ்வளவு இறங்கிச்சு?” என்று கேட்டார் நெறிமுறை.

“இருபத்திரண்டு” என்றார்கள் எல்லாரும்.

“இறங்கினா மைனஸ்தானே? சுருக்கி என்ன தப்பாச் சொல்லிடுச்சு?”

“நான் டேப்பைச் சுத்தினேன் சார். அவ்வளவுதான்” என்றார் ஓவர்சியர். அவர் உறுப்பினர் இல்லை என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை.

“சார், டேப்தான் உள்ள போச்சு. கழிப்பறை அங்கயேதான் இருக்கு” என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நான் உணர்ச்சிவசப்பட்டேன் என்பது குறிப்பில் ஏறியது.

தீர்மானம் அன்றே தட்டச்சாகிவிட்டது. தேர்வு முடிவில் மாற்றம் இல்லை. தூரத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட முப்பத்தெட்டுப் பேருக்கு அடுத்த பருவத்தில் மறுபயிற்சி, அதை நடத்த வேண்டியவன் நான். வளாகத்தில் இருக்கும் பலகைகளும் இதற்கு இணங்க மாற்றப்படும். வேறு எந்த உத்தரவும் வருடக்கணக்கில் தூங்குகிற இடத்தில் இது மட்டும் மூன்றே நாளில் நடந்துவிட்டது. உள்ளே வரும்போது ‘நூலகம் 300 மீட்டர்’ என்று இருக்கிற பலகையின் பின்புறம், வெளியே போகிறவர்கள் பார்க்க, ‘வாசல் -300 மீட்டர்’ என்று பளபளவென்று எழுதினார்கள். வாசலில் நின்ற காவலாளி வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். “போகும்போது பிளஸ், வரும்போது மைனஸ். புது உத்தரவு சார். நமக்கென்ன, நடக்கறது ஒரே நடைதான்.”

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தின் தேர்வாளருக்கு முரணாகப் பேசக்கூடிய வேறொரு சுருக்கியை வெளிநாடுகளில் உலவ விட்டதற்காக உங்கள் மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நெறிமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“உங்களைக் கஷ்டப்படுத்தணும்னு எங்களுக்கு ஆசையா? அந்தக் கடுதாசிய விடுங்க. உங்க சுருக்கிய ஆராய்ச்சியாவே ஏத்துக்கலாம்னு இருக்கோம். பொழுதுபோக்குக் கட்டத்துலேருந்து எடுத்துடலாம். முப்பது புள்ளி. இந்த வருஷமே பதவி உயர்வு. நிபுணர்ங்கற முறைல நீங்க ஒரு சான்று மட்டும் குடுங்க. தேர்வாளர் சொன்னது சரி. ஒரு வரி போதும்.”

“அந்தப் பொண்ணு ஒன்னாந் தேதி வேலைல சேரணும் சார்.”

“அவளுக்கும் நெறிமுறைல வழி இருக்கு. சிறப்புத் தேர்வு. அந்த ஒரு கேள்வி மட்டும். அதே தேர்வாளர். உங்க சான்று கைக்கு வந்த மறுநாளே வெச்சுடலாம். சான்று வரலன்னா தேர்வாளர் மேல சந்தேகம் இருக்குன்னு அர்த்தம். சந்தேகம் தீர்ற வரைக்கும் நாங்க எந்தத் தேர்வும் வைக்க முடியாதே.”

“அதே தேர்வாளர்னா, அவ சரியா எழுதினா மறுபடியும் பூஜ்யம்தான் வரும்.”

“அப்போ தப்பா எழுதச் சொல்லிக்குடுங்க” என்றார் அவர், ஆச்சரியத்தோடு. “நீங்கதானே வாத்தியார்?”

என் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அன்று சாயங்காலம் அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். டேப் கதைக்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“ஏங்க, ஒரு தடவ நான் அஞ்சு மில்லிகிராம் மாத்திரைக்குப் பதிலா பத்து குடுத்துட்டேனே, ஞாபகம் இருக்கா? நாலு தெரு விசாரிச்சு அந்தப் பெரியவர் வீட்டக் கண்டுபிடிச்சுத் திரும்ப வாங்கிட்டு வந்தேன்.”

“உன்னைப் போக விட்டாங்க.”

“யாரு விட்டா? நான் போனேன்.”

“இதுல கையெழுத்துப் போடலன்னா அவளுக்கு வேலை போயிடும்.”

“அவளுக்காகத்தான் போடறீங்களா?”

“அவளுக்காகத்தான்.”

“அப்போ அந்த முப்பது புள்ளியும் பதவி உயர்வும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்க.”

“அதுக்குப் படிவம் இல்ல” என்றேன்.

அவள் கையில் இருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். நான் சொன்னது பொய்யில்லை, அப்படிப் படிவம் எதுவும் கிடையாது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். நன்றாகத்தான் விழுந்தது கையெழுத்து.

அன்று மாலை அந்த மாணவியை உட்கார வைத்துச் சொன்னேன்.

“வெறுமனே கழிச்சுடும்மா. முதல் கல்லுலேருந்து ரெண்டாவது கல்லை. எது பெருசு, எது சிறுசுன்னெல்லாம் பாக்காதே.”

“மைனஸ் வருமே சார்.”

“வரட்டும்.”

“வகுப்புல நீங்கதானே சார் சொன்னீங்க, தூரத்துல மைனஸ் வந்தா எங்கயோ தப்புப் பண்ணியிருக்கோம்னு. நோட்டுல அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன்.”

“தெரியும்மா. நாளைக்கு மட்டும் அப்படி எழுதாதே.”

“மத்தவங்க? அவங்களும் என்னை மாதிரிதானே எழுதினாங்க?” என்று கேட்டாள். அவர்களுக்கு அடுத்த பருவத்தில் நானே சொல்லிக்கொடுப்பேன் என்றேன். அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தொண்ணூறு பேர் உட்காரும் அறையில் அவள் ஒருத்தி எழுத, மூன்று பேர் மேற்பார்வை பார்த்தார்கள். எழுதி முடிக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. துணிப்பைக்குள் இருந்த தேர்வாளர் இருபதுக்கு இருபது போட்டது. நெறிமுறை அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ‘தவற்றை உணர்ந்து திருத்திக்கொண்ட மாணவி’ என்று பல்கலைக்கழகச் செய்தி மடலில் அது வந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில் என் படம் இருந்தது, பதவி உயர்வு பெற்றவர்கள் வரிசையில்.

முப்பதாம் தேதி அவள் சான்றிதழோடு வந்தாள். கடையில் கடைசி நாள் என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வாரியத்துல எனக்கு என்ன வேலைன்னு சொல்லிட்டாங்க சார். எந்தத் தெருவுக்கு எவ்வளவு நீளத்துக்குக் குழாய் வேணும்னு கணக்குப் போடற புரோகிராம் ஒண்ணு இருக்காம். அதைப் புதுசா எழுதணுமாம்.”

“ரொம்ப நல்லதும்மா.”

“அங்க எப்படி எழுதட்டும் சார்?”

“சரியா எழுதும்மா” என்றேன்.

“முதல்லயும் அப்படித்தான் சார் எழுதினேன்” என்றாள்.